வாசனையில் ஆள் தெரிவாரா?

மதிப்பிற்குரிய ஐயா,

பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். துபாயில் இருக்கும் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது எனக்கு ஊத் செண்ட் ஒன்று வாங்கி வந்தான். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்கா, ‘இது ஆண்கள் வாசனை, உன் சாந்தமான குணத்துக்குப் பூ வாசனைதான் பொருந்தும்’ என்கிறார். இணையத்தில் தேடினால், பத்துக் கேள்வி கேட்டு நம் குணத்துக்கேற்ற வாசனையைச் சொல்லும் பக்கங்கள் ஏராளமாக இருக்கின்றன. அதிலும் எனக்கு மல்லிகை என்றே வந்தது. எங்கள் ஆச்சி பிச்சிப்பூவும் மரிக்கொழுந்தும் தவிர வேறு வாசனை அறியாதவர். அவரை நினைத்தாலே அந்த வாசனைதான் வருகிறது. ஒருவர் பூசும் வாசனை அவருடைய குணத்தைக் காட்டுமா? நான் இந்தச் செண்டைப் போடலாமா?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போடலாம். உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதே போதுமான காரணம். அது எப்படிப் போதுமான காரணமாகிறது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் ‘ஆண்கள் வாசனை’. ஊத் என்று அரபு நாட்டுக் கடைகளில் விற்பது நம்முடைய அகில்தான். அகில் மரத்தில் பூஞ்சை தொற்றினால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிக் கறுத்த கட்டைதான் மணக்கும். நோய் படாத அகில் வெளிறிய, இலேசான மரம். சொல்லிக்கொள்ளும்படி மணம் கிடையாது. சங்கப் பாடல்களில் அகிற்புகை எங்கே வருகிறது என்று பாருங்கள். பெண்கள் கூந்தலை விரித்து உலர்த்தும் இடத்தில் வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்ப் பெண்கள் தலைமுடிக்கு ஏற்றிய மணம் இன்று ஒரு பெண்ணுக்குப் பொருந்தாது என்றால், பொருந்தாமையை வாசனையில் தேடிப் பயனில்லை.

இதற்கு மறுபக்கம் ரோஜா. பெரிய கடைகளின் அலமாரியில் ரோஜா மணமுள்ள குப்பிகள் பெரும்பாலும் பெண்கள் பக்கம்தான் இருக்கும். உங்கள் ஊருக்கு அடுத்தாற்போல் இருக்கும் மேலப்பாளையத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் போய்ப் பாருங்கள். ஜும்ஆ தொழுகைக்கு வெள்ளைச் சட்டையில் போகிற பெரியவர்களிடமிருந்து ரோஜா அத்தர் மணக்கும். சிலர் காது மடலுக்குள் அத்தரில் நனைத்த பஞ்சைச் செருகியிருப்பார்கள். அவர்களில் ஒருவரிடமாவது ‘இது பெண்களுக்கான வாசனை’ என்று சொல்ல முடியுமா? ஒரே பூ, ஓரிடத்தில் பெண்மை, இன்னோரிடத்தில் தொழுகைக்குரிய தூய்மை. பூவுக்குள் இந்த இரண்டும் இல்லை, பழக்கத்தில்தான் இருக்கின்றன.

இணையப் பக்கங்களின் கேள்வி பதிலையும் இதே கணக்கில் வையுங்கள். சாந்தமானவருக்குப் பூ, துணிந்தவருக்கு மரம், கலகலப்பானவருக்கு எலுமிச்சை என்பது விற்கிறவர்களின் வசதிக்கான பங்கீடு. அதை நம்பி உங்கள் மூக்கைச் சந்தேகிக்காதீர்கள்.

உங்கள் மூக்குக்குச் சாதகமாக ஒரு ஆய்வே இருக்கிறது. பிராகில் உள்ள சார்லஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டது. ஒருவருடைய வியர்வை மணத்தோடு அவர் தாமாகத் தேர்ந்தெடுத்த வாசனைத் திரவியம் சேர்ந்த கலவையையும், அதே வியர்வையோடு ஆய்வாளர்கள் கொடுத்த வேறொரு திரவியம் சேர்ந்த கலவையையும் முகர்ந்து பார்க்கச் செய்தார்கள். அவரவர் தேர்ந்தெடுத்ததோடு சேர்ந்த கலவையே இனிமையானது என்று முகர்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள். குப்பியில் இருக்கும்போது இரண்டு திரவியங்களுக்கும் அப்படி வேறுபாடு தெரியவில்லை. உடலோடு சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. நமக்கு எது ஒத்துப்போகும் என்பதை நம் மூக்கு ஓரளவு அறிந்தே தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அது அறிந்திருப்பது நம் உடலை. சாந்தம், துணிச்சல் எல்லாம் அதில் வராது.

உங்கள் ஆச்சியின் மரிக்கொழுந்து இதற்கு நல்ல சாட்சி. அதிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு வாசனைத் தொழிலில் ஒரு தனிப் பெயர் உண்டு: பூசுகிறவருக்கு ஏற்ப மாறி மணக்கும் என்பார்கள். ஒருவர் மேல் பழம் கனிந்தது போலவும், இன்னொருவர் மேல் பச்சிலை போலவும் வரும். ஆச்சியின் தெருவில் அநேகமாக எல்லாப் பெண்களும் பிச்சிதான் வைத்திருப்பார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்தும் தோவாளையிலிருந்தும் கூடை கூடையாக வரும் பூ அது. அத்தனை பேரும் வைத்த பூ, ஆச்சியின் குணத்தை மட்டும் எப்படிச் சொல்லியிருக்கும்? சொல்லியிருக்காது. ஆனாலும் உங்களுக்கு அது ஆச்சியின் வாசனை. அவர் உங்களை மடியில் வைத்துக்கொண்டது, தலை வாரிவிட்டது, அதட்டியது எல்லாம் அந்த மணத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தைத் தாண்டித்தான் மேலே போகும். மூக்கின் செய்திக்கு அந்தச் சுற்றுவழி கிடையாது. உணர்ச்சியும் நினைவும் உருவாகும் பகுதிகளை மிகக் குறுகிய வழியில் எட்டிவிடுகிறது. அதனால்தான் ஒரு மணம் ஒரு மனிதரோடு இவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: வாசனைக்கென்று குணம் கிடையாது. பூசுகிறவர் நடந்துகொள்ளும் விதத்திலிருந்து, கூட இருப்பவர்களின் மனத்தில், அது குணத்தைப் பெறுகிறது. பூசுகிறவரின் நடையையும் அது கொஞ்சம் மாற்றுகிறது என்பதும் உண்மை. 2009இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்றில், மணமூட்டிய ஸ்ப்ரே அடித்துக்கொண்ட ஆண்களையும் மணமில்லாததை அடித்துக்கொண்டவர்களையும் படம் பிடித்துப் பெண்களுக்குக் காட்டினார்கள். ஒலியில்லாத வீடியோவில், மணம் பூசியவர்களே கவர்ச்சியாகத் தெரிந்தார்கள். புகைப்படத்தில் அந்த வேறுபாடு இல்லை. பார்த்தவர்களுக்கு மணம் எட்டவே இல்லை; எட்டியது பூசியவரின் தெம்பு. அண்ணன் வாங்கித் தந்ததைப் போட்டுக்கொண்டு நீங்கள் நிமிர்ந்து நடந்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இனி அந்த அக்காவின் பக்கம். அவர் சொன்ன காரணம் தவறு. ஆனால் அவர் பட்ட தொந்தரவு உண்மையாக இருக்கலாம். வெயில் காலத்துப் பாளையங்கோட்டையில் எந்தச் செண்டும் வேகமாக ஆவியாகும். குளிர்ந்த ஊரில் ஒரு நாள் முழுக்க மெல்லக் கசிய வேண்டியது, இங்கே டவுன் பஸ்ஸில் இறங்கி அலுவலகம் சேர்வதற்குள் மொத்தமாகக் கிளம்பிவிடும். ஏ.சி. அறைக் கதவைச் சாத்தினால் அது போக வழியும் இல்லை. இதோடு இன்னொன்று: ஒரே மணம் தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் நம் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். போட்டவருக்கு மணம் போய்விட்டது என்று தோன்றும், மதியம் இன்னொரு முறை அடிப்பார். பக்கத்தில் இருப்பவருக்கோ காலையில் அடித்ததே தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

என் கருத்தில், ஒருவருடைய குணம் வாசனையில் தெரிகிற இடம் இது ஒன்றுதான். என்ன வாசனை என்பது வளர்ப்பைச் சொல்லும், வசதியைச் சொல்லும், ஆசையைச் சொல்லும். எவ்வளவு வாசனை என்பதுதான், பக்கத்து இருக்கையில் ஆஸ்துமாக்காரரோ மசக்கையில் இருக்கும் பெண்ணோ இருக்கக்கூடும் என்ற நினைப்பு அவருக்கு உண்டா என்பதைச் சொல்லும். அகில் பூசிய மென்மையானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மல்லிகையைக் கொட்டிக்கொண்டு பஸ் முழுவதையும் திணறடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அளவோடு சேர்த்து நேரத்தையும் கவனியுங்கள். காயல்பட்டினத்தில் ஒரு சிறிய அத்தர் கடையில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். கடைக்காரக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) குப்பியின் மூடியைத் திருகி எடுத்தார். மூடியோடு சேர்ந்த கண்ணாடிக் குச்சியின் நுனியில் ஒரு துளி நின்றது. வாங்க வந்த இளைஞரின் புறங்கையில் அதைக் கோடாக இழுத்தார். இளைஞர் இரண்டு கைகளையும் உரசப் போனதும் தடுத்துவிட்டார். “உரசாதீர்கள், சூடேறிப் பறந்துவிடும். தெருக்கோடிவரை நடந்துவிட்டு வாருங்கள், அப்புறம் விலை பேசலாம்” என்றார். விற்கிறவர் இப்படிச் சொன்னதில் எனக்கு அவர் மேல் பெரிய மதிப்பு வந்தது. செண்டில் முதலில் வருவது எலுமிச்சை, நாரத்தை போன்ற இலேசான மணங்கள். அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. அடுத்துப் பூக்கள். சந்தனமும் அகிலும் கடைசியில் வந்து மணிக்கணக்கில் தங்கும். கடையில் முதல் முகர்வை நம்பி வாங்குகிறவர், சீக்கிரமே இல்லாமல் போகிற ஒன்றுக்குக் காசு கொடுக்கிறார். அந்த அக்காவும் காலை ஒன்பதரை மணி மணத்தை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பகல் நேரத்துக்கு அத்தர் நம் வெயிலில் கொஞ்சம் அடக்கமாக இருக்கும். அதில் ஆல்கஹால் இல்லை. உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜில் செம்புப் பானையில் பூவை வேகவைத்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவதுதான் பழைய முறை. எண்ணெய் என்பதால் தோலோடு ஒட்டி நின்று, கிட்டே வருகிறவருக்கு மட்டும் மணக்கும். சந்தன எண்ணெய் விலை உயர்ந்த பிறகு பலர் வேறு எண்ணெய்களில் இறக்குகிறார்கள். மலிவான குப்பியில் சந்தனத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணனின் ஊத் செண்டை வீட்டிலிருந்து கிளம்பும் கடைசி நிமிடத்தில் அடிக்காதீர்கள். குளித்துத் துவட்டியதும், சேலை கட்டுவதற்கு முன்பே, பின்கழுத்தில் ஒரு முறை அழுத்தினால் போதும். அலுவலகம் போய்ச் சேரும்போது முதல் வேகம் அடங்கியிருக்கும். மதியம் மீண்டும் வேண்டாம். அந்த அக்காவிடமே ஒரு வாரம் கழித்து, ‘இப்போது தொந்தரவாக இருக்கிறதா?’ என்று கேளுங்கள். இன்னும் தலைவலிக்கிறது என்றால் அலுவலகத்துக்கு அத்தர், கல்யாண வீட்டுக்கு ஊத் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு இரண்டு முறை அழுத்தலாம்.

அன்புடன்.