முகப்பரு மாத்திரையும் கருவின் கண்ணும்

மன்னார்குடி நண்பருக்கு, மனைவி முகப்பருவுக்குச் சாப்பிட்ட ஐசோட்ரெட்டினோயினை (வைட்டமின் ஏ வகை மாத்திரை) நிறுத்தி மூன்று வாரத்தில் கரு தங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். முருங்கைக்கீரையிலும் வைட்டமின் ஏ இருக்கிறதென்று அதையும் உங்கள் அம்மா நிறுத்தச் சொல்கிறாராம். பாவம், கீரை என்ன செய்தது? அதிலிருப்பது பீட்டா கரோட்டின். உடம்பு அதைத் தேவைக்குத்தான் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். தாராளமாகச் சாப்பிடட்டும்.

மாத்திரை வேறு விஷயம். கரு உண்டான நான்காவது வாரம் கண் முளைவிட்டு, கிண்ணம்போல் குழிந்து, ஏழாவது வாரவாக்கில் அதன் அடிப்பிளவு மூடும். இதில் வைட்டமின் ஏ-இலிருந்து உடம்பு உண்டாக்கும் ரெட்டினோயிக் அமிலத்துக்குப் பெரிய பங்கு. குறைந்தாலும் கோளாறுதான்: டெக்சாஸில் ஃப்ரெட் ஹேல் 1933-இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் ஏ இல்லாத தீனி தின்ற பன்றி விழியே இல்லாத குட்டிகளை ஈன்றது. கூடினால் சிறுத்த கண், காதுக் குறை, இதயக் குறை வரலாம்.

ஆனால் நீங்கள் முன்பே நிறுத்திவிட்டீர்கள். மருந்து சில நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். நிறுத்தியபின் ஒரு மாதம் கழித்தே கரு தரிக்கச் சொல்வது பாதுகாப்புக்கான இடைவெளி. நீங்களாகக் கலைக்க முடிவெடுக்காதீர்கள். மருந்துச்சீட்டோடு இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, ஸ்கேனில் கருவின் நாளைக் கணக்கிடச் சொல்லுங்கள். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கும் போகலாம். அப்புறம், மாத்திரை அட்டையில் அசிட்ரெட்டின் (இதே வகையைச் சேர்ந்த இன்னொரு தோல் மருந்து) என்று இருந்தால் கதையே வேறு, அதற்கு மூன்று வருட இடைவெளி வேண்டும். பெயரை இன்னொருமுறை பார்த்துவிடுங்கள்.