அயர்லாந்து 'தெய்வ நிந்தனை'யை அரசியலமைப்பிலிருந்து நீக்கியது சரியா? கேள்வி பதில்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1937-ல் அயர்லாந்து மக்கள் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்பின் 40-வது பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. அதே பிரிவில் இன்னொரு வரியும் இருந்தது: தெய்வ நிந்தனையான, அரசுக்கு எதிராகக் கலகம் தூண்டுகிற, அல்லது ஆபாசமான எதையும் பேசுவதோ வெளியிடுவதோ குற்றம், அது சட்டப்படி தண்டிக்கப்படும். இதிலிருந்து 'தெய்வ நிந்தனை' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடலாமா என்று 2018 அக்டோபர் 26-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். 64.85 சதவீதம் பேர் எடுக்கலாம் என்றார்கள். டப்ளினில் சட்டம் படித்து, அங்கேயே குடியுரிமை பெற்று, அந்த வாக்கெடுப்பில் ஓட்டும் போட்டவள் நான். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்கா, அந்த வரியை வைத்து யாரையுமே தண்டித்ததில்லை என்று படித்தேன். சும்மா கிடந்ததை எதற்கு வேலை மெனக்கெட்டு எடுக்க வேண்டும்?

எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான், தம்பி. தண்டித்ததில்லை என்பது உண்மை. அயர்லாந்து மண்ணில் இந்தக் குற்றத்துக்காகக் கடைசியாக நீதிமன்றம் ஏறிய வழக்கு 1855-ல் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். ரஷ்யாவில் பிறந்தவர், பெயர் விளாதிமிர் பெச்சேரின். இன்று டன் லேரி என்று சொல்லும் ஊரில் கெட்ட புத்தகங்களைக் கொளுத்தச் சொன்னார். எரிந்த குவியலில் பைபிள்களும் கிடந்தன என்று வழக்கு. நடுவர் குழு அவரை விடுவித்தது. சாமியாரையே சாமியை நிந்தித்ததாகக் கூண்டில் ஏற்றிய சட்டம் அது. அன்றைக்கு அரசின் மதம் ஆங்கிலிக்கன் திருச்சபை. அதற்குக் காவலாகத்தான் அந்தச் சட்டம் இருந்தது.

ஆனால் 'தண்டித்ததில்லை' என்பதும் 'தீங்கில்லை' என்பதும் ஒன்றல்ல. 2015-ல் ஆங்கில நடிகர் ஸ்டீவன் ஃப்ரை அயர்லாந்து அரசுத் தொலைக்காட்சியில் ஒரு பேட்டி கொடுத்தார். கடவுள் எதிரே வந்து நின்றால் என்ன கேட்பீர்கள் என்றதற்கு, குழந்தைகளுக்கு எலும்புப் புற்றுநோய் எதற்கு என்று கேட்பேன் என்றார். ஒருவர் போலீஸில் புகார் கொடுத்தார். 2017-ல் போலீஸ் அதை விசாரித்தது. மனம் புண்பட்டவர்கள் போதிய எண்ணிக்கையில் கிடைக்கவில்லை என்று கைவிட்டது. அதாவது, பிள்ளையை இழந்த எந்தத் தாயும் கேட்கிற கேள்வியை ஒருவர் கேட்டதற்கு, போலீஸ் கோப்பு திறந்தது. புண்பட்டவர்கள் நிறையப் பேர் வந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. 2015 ஜனவரியில் பாரிஸில் ஷார்லி எப்தோ என்ற நையாண்டிப் பத்திரிகையின் அலுவலகத்தில் நடந்த படுகொலைக்குப் பிறகு, அது போட்டிருந்த நபிகள் பற்றிய கேலிச்சித்திரங்களை அயர்லாந்துப் பத்திரிகைகள் மறுபடி போட்டால் சட்ட ஆலோசனை கேட்பேன் என்று டப்ளினைச் சேர்ந்த ஓர் இஸ்லாமிய அறிஞர் வானொலியில் சொன்னார். அவர் மிரட்டவில்லை, நாட்டில் இருந்த சட்டத்தைத்தான் சுட்டிக் காட்டினார். ஆனால் அதைக் கேட்கிற பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அச்சுக்குப் போகுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பாரா மாட்டாரா? இந்த மாதிரிச் சட்டத்தின் வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. வழக்குக் கணக்கில் அது தெரியாது.

நாடாளுமன்றமே ஒரு சட்டம் கொண்டுவந்து நீக்கியிருக்கலாமே? இதற்குப் போய் சர்வசன வாக்கெடுப்பா? செலவு இல்லையா? (யாழ்ப்பாணத்திலிருந்து)

அங்கே அது முடியாது ஐயா. அரசியலமைப்பில் ஒரு சொல்லைத் தொடுவதென்றாலும் இரு அவைகளும் மசோதாவை நிறைவேற்ற வேண்டும், பிறகு மக்கள் வாக்களிக்க வேண்டும், அப்புறம் குடியரசுத் தலைவர் கையெழுத்திட வேண்டும். இங்கிலாந்துக்கு அந்தத் தடை இல்லை. 2008-ல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நாடாளுமன்றமே ஒரு சட்டத்தால் இந்தக் குற்றத்தை ஒழித்தது. வட அயர்லாந்துக்கு அந்தச் சட்டம் போகவில்லை.

செலவுக்காகத்தான் தனி நாள் வைக்காமல் குடியரசுத் தலைவர் தேர்தலோடு சேர்த்தே நடத்தினார்கள். அன்றுதான் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் இரண்டாம் முறையாக வென்றார்.

2009-ல் அவர்களே புதிதாக ஒரு சட்டம் போட்டார்களாமே? வேண்டாம் என்கிறவர்கள் ஏன் போட்டார்கள்?

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1995-ல் விவாகரத்தை அனுமதிக்கும் வாக்கெடுப்பு வெறும் 9,114 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. அதையொட்டி ஒரு ஞாயிறு பத்திரிகை கேலிச்சித்திரம் போட்டது. கத்தோலிக்கர் புனிதமாகக் கருதும் நற்கருணை அப்பத்தைப் பாதிரியார் நீட்டுகிறார், அமைச்சர்கள் வேண்டாமென்று விலகிப் போகிறார்கள். ஒருவர் இது தெய்வ நிந்தனை என்று வழக்குக்குப் போனார். 1999-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? இந்தக் குற்றம் என்னவென்று எந்தச் சட்டமும் வரையறுக்கவில்லை. பழைய ஆங்கிலேயச் சட்டம் ஒரே ஒரு திருச்சபையைக் காப்பதற்கு இருந்தது, எல்லா மதத்தவரையும் சமமாக நடத்தச் சொல்லும் அரசியலமைப்போடு அது ஒட்டாது. ஆகவே வழக்குத் தொடர அனுமதிக்க முடியாது.

இப்போது இக்கட்டைப் பாருங்கள். 'இது குற்றம், தண்டிக்கப்படும்' என்கிறது அரசியலமைப்பு. எது குற்றம் என்று யாருக்கும் தெரியாது. 2009-ல் அவதூறுச் சட்டத்தைப் புதுப்பிக்கும்போது அன்றைய நீதி அமைச்சர் டெர்மட் அஹெர்ன், இரண்டு வழிதான் உண்டு, வாக்கெடுப்புக்குப் போக வேண்டும் அல்லது வரையறை எழுத வேண்டும் என்றார். நாடு பொருளாதார நெருக்கடியில் இருந்தது. வரையறை எழுதினார்கள். எந்த மதமானாலும் அது புனிதமாகக் கருதுவதை மிக மோசமாக இழிவுபடுத்தி, அந்த மதத்தவர்களில் கணிசமானோரைக் கொதிக்க வைத்தால், அப்படிக் கொதிக்க வைக்கும் நோக்கமும் இருந்தால், 25,000 யூரோ வரை அபராதம். முதல் வரைவில் இது ஒரு லட்சம் யூரோ. இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு இருக்கிறது என்று காட்டினால் தப்பிக்கலாம்.

யாரும் வழக்குப் போட முடியாதபடி எழுதினோம் என்று அதை ஆதரித்தவர்கள் பெருமையாகவே சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அதே 2009-ல், ஐ.நா. குழு ஒன்றில் இஸ்லாமிய ஒத்துழைப்பு நாடுகள் சார்பில் பாகிஸ்தான் வைத்த முன்மொழிவில் அயர்லாந்துச் சட்டத்தின் வாசகம் ஏறக்குறைய அப்படியே வந்தது. பாகிஸ்தானில் இதே வகைக் குற்றத்துக்கு மரண தண்டனை வரை உண்டு. கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபி பல ஆண்டுகள் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்துவிட்டு 2018 அக்டோபர் 31-ல் குற்றமற்றவர் என்று உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார், அயர்லாந்து வாக்களித்து ஐந்தே நாள் கழித்து. ஐரோப்பாவிலேயே இப்படி இருக்கிறதே என்று அந்த நாடுகள் சொல்ல நாம் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நான் 'நீக்கு' என்று குத்தியதற்கு முதல் காரணம் இதுதான்.

நீங்கள் கடவுள் மறுப்பாளரா?

இல்லை. தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள். என் சாமியை ஒருவர் கேவலமாகப் பேசினால் எனக்கு வலிக்கும், அன்று முழுக்க மனசு சரியாக இருக்காது. அந்த வலிக்குப் போலீஸ் மருந்தாகும் என்று நான் நம்பவில்லை.

தனியாக நின்று சொல்லவில்லை இதை. 2016 கணக்கெடுப்பில் அயர்லாந்தில் கத்தோலிக்கர் 78 சதவீதம், மதம் இல்லை என்றவர்கள் 10 சதவீதத்துக்கும் கீழே. ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவானவர்கள் நீக்கச் சொன்னார்கள் என்றால், அதில் ஏராளமானோர் கோயிலுக்குப் போகிறவர்கள்தானே? கத்தோலிக்க ஆயர்களே அந்த வரி பெருமளவு காலாவதியானது என்றார்கள். வேறு நாடுகளில் சிறுபான்மையினரை ஒடுக்க இத்தகைய சட்டங்கள் பயன்படுவதையும் அவர்களே குறிப்பிட்டார்கள்.

நான் முஸ்லிம், டப்ளினில் குடும்பத்தோடு இருக்கிறேன். சட்டம் போனதால் எங்களைப் போன்றவர்களுக்கு இருந்த பாதுகாப்பும் போய்விட்டதோ என்று பயம்.

உங்கள் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன் சகோதரரே. ஆனால் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். உங்கள் மதக் கருத்தை ஒருவர் தாக்குவது வேறு, உங்களையும் பிள்ளைகளையும் தாக்கச் சொல்வது வேறு. இரண்டாவதற்கு 1989-ல் வந்த வெறுப்புத் தூண்டல் தடைச் சட்டம் இருக்கிறது. அதில் மதம் என்ற காரணமும் உண்டு. வாக்கெடுப்பு அதைத் தொடவில்லை. மதத்தின் பேரில் உள்ள வெறுப்பால் அடித்தால், உடைத்தால், கூடுதல் தண்டனை தரும் சட்டம் 2024-ல் வந்தது.

1989 சட்டம் பலவீனமானது, அதில் தண்டனை பெற்றவர்கள் மிகக் குறைவு என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அதைப் பலப்படுத்தக் கேட்பது நியாயம். தெருவில் மனைவியின் முக்காட்டைப் பிடித்து இழுத்தவன்மேல் நடவடிக்கை வேண்டுமென்றால் தெய்வ நிந்தனைச் சட்டம் ஒருநாளும் உதவியிருக்காது. அது நம்பிக்கையைக் காக்கத்தான் எழுதப்பட்டது, நம்புகிற மனிதரைக் காக்க அல்ல.

ஓட்டுப் போட்டது 43.79 சதவீதம்தான். பாதிப் பேர்கூட வரவில்லை. இது மக்கள் தீர்ப்பா?

சட்டப்படி ஆமாம். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அங்கே குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்று ஒன்று கிடையாது. பதிவான செல்லுபடியான ஓட்டில் பெரும்பான்மை போதும். நீக்க 9,51,650, வேண்டாம் 5,15,808.

மனதளவில் எனக்கும் வருத்தம் உண்டு. அதே ஆண்டு மே மாதம் கருக்கலைப்பு வாக்கெடுப்புக்கு 64 சதவீதம் பேர் வந்தார்கள். இதற்கு அந்தத் தவிப்பு இல்லை. இன்னும் கொஞ்சம் வாதம் நடந்திருக்க வேண்டும். தன் பக்கத்துக்குப் பொதுப் பணத்தில் அரசு பிரசாரம் செய்யக் கூடாது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது நல்ல விதி. ஆனால் அரசு பேசாத இடத்தில் மற்றவர்கள் பேச வேண்டும், இந்த முறை அது குறைவு.

எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடும் அலை அது. விவாகரத்து, ஒருபால் திருமணம், கருக்கலைப்பு, அப்புறம் இது. மக்கள் யோசித்தா போட்டார்கள்?

யோசிக்காமல் போடுகிறவர்கள் இல்லை அவர்கள். 2015-ல் ஒருபால் திருமணத்துக்கு 62 சதவீதம் ஆதரவு தந்த அதே நாளில், குடியரசுத் தலைவராகப் போட்டியிடும் வயதைக் குறைக்கும் திருத்தத்தை 73 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். வீட்டில் பெண்ணின் பங்கு பற்றிய பழைய வாசகத்தை மாற்றும் திருத்தம் 2024 மார்ச்சில் வந்தது. எல்லாப் பெரிய கட்சிகளும் ஆதரித்தும் 74 சதவீதத்தால் தோற்றது. பிடிக்காததை ஒதுக்கத் தெரிந்த வாக்காளர்கள்தான்.

வெறுமனே நீக்காமல், அந்த இடத்தில் 'மத வெறுப்பைத் தூண்டுவது குற்றம்' என்று எழுதியிருக்கலாமே?

இதைக் கேட்டவர்கள் நிறைய. 66 குடிமக்கள், 33 அரசியல்வாதிகள், ஒரு தலைவர் என 100 பேர் கொண்ட அரசியலமைப்பு மாநாடு 2013-ல் இதை விவாதித்தது. 61 சதவீதம் பேர் அப்படியே வைத்திருக்க வேண்டாம் என்றார்கள். ஆனால் 53 சதவீதம் பேர் நீங்கள் சொல்வதைப் போன்ற மாற்று வாசகத்தைக் கேட்டார்கள், முழுதாக நீக்கச் சொன்னது 38 சதவீதம்தான். அரசு முழு நீக்கத்தைத் தேர்ந்தெடுத்தது.

அரசு செய்தது சரி என்பேன். வெறுப்புக் குற்றத்தைச் சாதாரணச் சட்டத்தில் வைத்தால் தேவைக்கேற்பத் திருத்தலாம். அரசியலமைப்பில் 'குற்றம்' என்று பொறித்துவிட்டால், 1937-ல் மாட்டிக்கொண்டதைப் போலவே அடுத்த தலைமுறையும் ஒரு சொல்லுக்காகத் தேர்தல் வைக்க வேண்டியிருக்கும்.

அக்கா, நான் கார்க்கில் செவிலியர், மூன்று வருடமாகிறது. இப்படி ஒன்று வந்தால் ஓட்டுப் போட முடியுமா?

பொதுவாக்கெடுப்பில் அயர்லாந்துக் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம் தங்கச்சி. குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்து வருட வசிப்பு வேண்டும். ஆனால் உள்ளாட்சித் தேர்தலில் எந்த நாட்டவரானாலும் அங்கே வசித்தால் ஓட்டு உண்டு. பட்டியலில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

நம் ஊர் 295ஏ மாதிரிதானே இது?

குடும்பம் ஒன்றுதான். ஆனால் மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதைக் குற்றமாக்கி 1927-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்த அந்தப் பிரிவு சாதாரணச் சட்டம். 2024 ஜூலை முதல் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 299-வது பிரிவு. இந்திய அரசியலமைப்பு தெய்வ நிந்தனையைக் குற்றமாக்கச் சொல்லவில்லை. அயர்லாந்தில் அரசியலமைப்பே கட்டாயப்படுத்தியது, அதனால்தான் மக்களிடமே போக வேண்டி வந்தது.

இனி அங்கே அரசியலமைப்பில் கடவுளே இல்லையா? சட்டம் உடனே போய்விட்டதா?

கடவுள் இருக்கிறார். முகவுரை இன்றும் பரிசுத்த திரித்துவத்தின் பெயரால்தான் தொடங்குகிறது. 44-வது பிரிவு எல்லாம் வல்ல இறைவனின் பெயரை அரசு போற்றும் என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைக்கு இருந்த சிறப்பு இடத்தை மட்டும் 1972-லேயே வாக்கெடுப்பில் எடுத்துவிட்டார்கள்.

2009 சட்டம் உடனே போகவில்லை. வாக்கெடுப்பு அரசியலமைப்பை மட்டுமே மாற்றும். குற்றப்பிரிவை ஒழிக்க 2019 டிசம்பரில் தனிச்சட்டம் நிறைவேறி, 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த வரியில் மீதிச் சொற்கள் அப்படியே நிற்கின்றன. அரசுக்கு எதிராகக் கலகம் தூண்டும் பேச்சும் ஆபாசமும் இன்றும் 'தண்டிக்கப்பட வேண்டிய குற்றம்' என்றுதான் 40-வது பிரிவு சொல்கிறது. வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியபோதே எனக்கு அதுதான் உறுத்தியது. ஒரே நாளில் மூன்றையும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.