முன் பிரேக்கைத் தொட்டால் தூக்கி அடிக்குமா?

பைக் ஓட்டக் கற்று சில மாதங்களே ஆன வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

"முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிக்கும்" என்று சொல்லித்தான் எனக்கு பைக் கற்றுக்கொடுத்தார்கள். பின் பிரேக்கை மட்டும் மிதித்து ஓட்டுகிறேன். சரியா?

சரியில்லை. இந்தப் பழக்கத்தை இந்த வாரமே மாற்றிக்கொள்ளுங்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடையும் உங்கள் எடையும் முன்பக்கம் வந்துவிடுகின்றன. முன் டயர் தரையில் நன்றாக அழுந்த, பின் டயர் லேசாகிவிடும். பின் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் லேசான அந்த டயர் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்குமே தவிர, வண்டி சீக்கிரம் நிற்காது. காய்ந்த சாலையில் வண்டியை நிறுத்தும் வேலையில் சுமார் 70 சதவீதம் முன் சக்கரத்தினுடையது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால் வண்டி ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும். பின் பிரேக் மட்டும் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம் ஓடும். பிரேக்கைப் பிடிக்க நீங்கள் யோசிக்கும் ஒரு நொடியில் போகிற 17 மீட்டர் தனிக்கணக்கு.

தூக்கி அடிப்பதும் பொய்யில்லை. பதற்றத்தில் லீவரை வெடுக்கென்று இழுத்தால், எடை முன்னால் வந்து சேர்வதற்குள் டயர் பூட்டிக்கொள்ளும். ஈரத்துணியைக் கைக்குள் வைத்துப் பிழிவதுபோல் பிழியுங்கள். முதலில் லேசாக, முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் குழாய்கள்) அமுங்குவது கையில் தெரியும். தெரிந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். காய்ந்த, மண் இல்லாத காலி மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, பழகப் பழக 30, 40 என்று ஏற்றுங்கள். ஹேண்டில்பார் நேராக இருக்க வேண்டும். முன் டயர் கிரீச்சிட்டால் உடனே லீவரை விட்டு, மறுபடி பிழியுங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் லீவரோ பெடலோ துடித்தால் பயந்து விட்டுவிடாதீர்கள், அழுத்திக்கொண்டே இருங்கள்.

பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ஏன்?

ஓடும்போது இடது கை விரல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கிளட்ச் லீவரை லேசாக அழுத்தியபடியே ஓட்டுவது புதியவர்களிடம் அதிகம். அப்போது பிளேட்டுகள் முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே சுழன்று, சூடேறித் தேய்கின்றன. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது; கருகிய வாடை வரும். மேட்டில் நிற்கும்போது வண்டியை அரை கிளட்ச்சில் தாங்காமல் பிரேக்கில் நிறுத்துங்கள்.

புது பிளேட் போட்ட பிறகு லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். தளர்வே இல்லையென்றால் நீங்கள் லீவரைத் தொடாவிட்டாலும் கிளட்ச் வழுக்கும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்திருப்பதால், கார் ஆயிலை ஊற்றினாலும் இதே தொல்லை வரலாம். டப்பாவில் ஜாஸோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று போட்டிருக்க வேண்டும்; இப்படி நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக்குறி அது.

வளைவில் வண்டி வெளியே வெளியே போகிறது. சாய்க்கப் பயமாக இருக்கிறது.

கண் போகிற இடத்துக்கே வண்டி போகும். ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்துப் பயந்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள். வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள், முகத்தையும் அங்கே திருப்புங்கள். வேகத்தைக் குறைப்பதும் கியரைக் குறைப்பதும் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இடப்பக்க வளைவென்றால் இடது கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ளுங்கள், வண்டி இடப்பக்கம் சாயும். கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் நடைவேகத்தைத் தாண்டிவிட்டால் பைக் இப்படித்தான் திரும்புகிறது. முழங்கைகளை விறைப்பாக வைத்திருந்தால் தள்ளவே முடியாது. முழங்கால்களால் டேங்கைப் பற்றிக்கொள்ளுங்கள், கைகள் தாமாகத் தளரும்.

யூ டர்ன் எடுக்கும்போது இரண்டு முறை வண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்திருப்பீர்கள். இங்கே மட்டும் முன் பிரேக் வேண்டாம். முதல் கியர், அரை கிளட்ச், பின் பிரேக்கில் லேசான அழுத்தம் போதும். மேலே அரை கிளட்ச் கூடாது என்றது தொடர்ந்து ஓட்டுவதற்கு. இந்தச் சில நொடிகளுக்கு அது தேவை. தரையைப் பார்க்காதீர்கள், தோளுக்குப் பின்னால் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்.

செயினை நானே சரிபார்க்கலாமா?

தாராளமாக. கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளுங்கள். பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் அசைவு சரி, உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றி, செயின் அதிகம் இறுகுகிற இடத்தில் அளவெடுங்கள். ரொம்ப இறுக்கிவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங் கெடும். எண்ணெய் விடும்போது இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டுச் சக்கரத்தைச் சுழலவிடாதீர்கள். செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் ஓடும் பல்சக்கரம்) நடுவே மாட்டிய விரல் போய்விடும். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, கையால் சுற்றுங்கள்.