படகின் பின்மேடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொச்சியில் பழையதாக வாங்கிய 18 அடி ஃபைபர் ஸ்பீடு போட் ஒன்றைத் தொண்டியில் நிறுத்தியிருக்கிறோம். பின்னால் இருக்கும் நீச்சல் மேடையில் ஆள் ஏறி நின்றால் ஓர் அங்குலம் தாழ்கிறது. போல்ட் ஓரங்களில் பழுப்புத் தண்ணீர் கசிகிறது. மேடையை மட்டும் புதிதாகப் போட்டால் போதுமா?
– வாசகர், அண்ணாநகர், மதுரை

பதில்: மேடை தாழ்வதைவிடப் பழுப்புத் தண்ணீர்தான் கவலைக்குரியது. போல்ட் துளை வழியாக இறங்கிய நீர், டிரான்சம் எனப்படும் பின்சுவருக்குள் இருக்கும் பிளைவுட்டை அழுகவைத்துவிட்டு, அந்தச் சாயத்தோடு வெளியே வருகிறது. எஞ்சின் தொங்குவதும் அதே சுவரில்தான். புது மேடைக்கு விலை விசாரிப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள்.

படகை டிரெய்லரில் மதுரைக்கே கொண்டுவந்து, மேடையைக் கழற்றிவிடுங்கள். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் சுவரை அரை அடிக்கு ஓரிடமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும். அழுகிய இடம் 'பொத்' என்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் படகின் உட்பக்கமிருந்து 6 மி.மீ. டிரில்லால் துளையிடுங்கள். வெளி ஃபைபர் வரை போகாமல் நிறுத்திவிட வேண்டும். வரும் தூள் வெளுத்து உலர்ந்திருந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்து, ஈரமாக டிரில் பிட்டில் ஒட்டிக்கொண்டால் அழுகல். அழுகல் போல்ட்டைச் சுற்றி உள்ளங்கை அளவோடு நின்றால் அங்கே மட்டும் ஒட்டுப்போடலாம். பாதிச் சுவர் போயிருந்தால் முழு டிரான்சத்தையும் மாற்றத்தான் வேண்டும். அதுவரை மேடைப் பேச்சே வேண்டாம்.

ஒட்டுப்போட, உட்பக்க ஃபைபரை வெட்டி எடுத்து அழுகிய மரத்தைச் சுரண்டிவிடுங்கள். கத்திரி வெயில் உலர்த்துவதற்கு நல்ல துணை, திறந்தே காயவிடலாம். அதே கனத்தில் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள (படகுக்கு ஏற்ற மரைன்) பிளைவுட்டை வெட்டி, இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்சி பசையால் ஒட்டுங்கள். வெட்டிய ஃபைபரின் ஓரத்தைச் செங்குத்தாக விடக்கூடாது. கனத்தைப்போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும்: 3 மி.மீ. ஃபைபருக்கு 36 மி.மீ. சரிவு. பலர் இதை விட்டுவிடுவதால்தான் புது ஒட்டு ஓரத்திலேயே பிளக்கிறது. ஒட்டை எபாக்சியில் தொடங்கினால் எபாக்சியிலேயே முடியுங்கள். காய்ந்த எபாக்சி மேல், ஃபைபர் வேலைக்கு வழக்கமாகப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது.

எம்10 (10 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை போட்டு அப்படியே மாட்டாதீர்கள். முதலில் 20 மி.மீ. துளையிட்டு, சிலிக்கா தூள் கலந்து இட்லி மாவைவிடக் கெட்டியாக்கிய எபாக்சியால் அடைத்து, இறுகியபின் நடுவில் 10.5 மி.மீ. துளை போடுங்கள். பிறகு சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) விட்டுப்போனாலும் நீர் எபாக்சியைத்தான் தொடும், மரத்தை அல்ல. சீலன்ட் பாலியூரித்தேன் வகையாக இருக்கட்டும். குளியலறை சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அதன் மிச்சம் ஒட்டிய இடத்தில் அடுத்து எதுவும் பிடிக்காது. முதல் நாள் லேசாக முறுக்கி, மறுநாள் இறுக்குங்கள். இறுக்கும்போது நட்டை மட்டும் திருப்புங்கள். போல்ட் திரும்பினால் சீலன்ட் பிய்ந்துவிடும். போல்ட், நட்டு, உள்ளே வைக்கும் தகடு எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகம் கடல் நீரில் சீக்கிரம் துருக்கறை காட்டும். 316 நட்டும் முறுக்கும்போது மரையில் கவ்விக்கொள்ளும். கவ்வாமல் தடுக்கும் ஆன்டிசீஸ் பசை கொஞ்சம் தடவுங்கள்.

கேள்வி: நீச்சல் மேடைக்கு அடியில் தாங்கு கம்பி தேவையா? அசிங்கமாக இருக்கிறதே.
– வாசகர், திருமங்கலம்

பதில்: 75 கிலோ ஆள் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி மேடையின் ஓரத்தில் நிற்கிறார். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 15 செ.மீ. என்றால், மேல் வரிசை போல்ட்டுகளை இழுக்கும் விசை 75 × 60 ÷ 15, அதாவது 300 கிலோ. அவர் குதித்தால் இன்னும் கூடும். தாங்கு கம்பியைச் சுவரில் மேல் போல்ட்டுக்கு 40 செ.மீ. கீழே ஊன்றினால் அதே ஆளுக்கு இழுவை சுமார் 112 கிலோதான். அழகு பிறகு.

கேள்வி: கப்பலூரில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். தொட்டி செய்யும் ரெசினிலேயே 6 × 2 அடி மேடை செய்யலாமா? மே மாதத்தில் ரெசின் வாளியிலேயே புகைந்து கட்டியாகிவிடுகிறது.

பதில்: செய்யலாம். ஆனால் வெளிப்பூச்சு ஜெல்கோட்டும் முதல் அடுக்கும் நீரைத் தாங்கும் ஐசோ (ஐசோஃப்தாலிக்) ரெசினில் இருக்கட்டும். சாதாரண ரெசின் நீரில் நெடுநாள் கிடந்தால் கொப்புளிக்கும். மேலும் கீழும் 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) நான்கு நான்கு அடுக்கு என்றால் மேட் சுமார் 4 கிலோ, ரெசின் அதைப்போல இரண்டரை மடங்கு, 10 கிலோ. சேதாரத்துக்கு ஒரு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். நடுவில் பிளைவுட்டைவிட பி.வி.சி. ஃபோம் நல்லது. போல்ட் வரும் இடங்களில் மட்டும் ஃபோமை எடுத்துவிட்டுத் திண்ம ஃபைபராக நிரப்புங்கள். இல்லாவிட்டால் இறுக்கும்போதே நசுங்கும்.

புகைவதற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல, வாளியும்தான். ஆழமான வாளியில் சூடு வெளியேற வழியில்லை. அரை கிலோ அரை கிலோவாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றி, காலை வெயில் ஏறுமுன் வேலையை முடியுங்கள். ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் கிலோவுக்கு 10 மி.லி. போதும். பயந்து அதற்கும் வெகுவாகக் குறைத்தால் ரெசின் முழுதாக இறுகாமல் பிசுபிசுக்கும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாத பையனை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அச்சு போடுமுன் எஞ்சினை முழுக்கத் தூக்கியும் இருபுறமும் திருப்பியும் அளவெடுங்கள். மேடையில் நீர் வடியும் நீள்துளைகளை விடுங்கள்; படகு பின்வாங்கும்போது அலை அடியிலிருந்து மேடையைத் தூக்காது. ஏணி நீருக்குள் இரண்டடியாவது இறங்க வேண்டும். இல்லாவிட்டால் களைத்தவர் ஏற முடியாது.

கேள்வி: மெதுவாக ஓட்டும்போது பிள்ளைகள் மேடையில் உட்காரலாமா?
– வாசகி, கே.புதூர்

பதில்: கூடாது. அடியில் புரொப்பல்லர் சுற்றுகிறது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடும் பின்பக்கம்தான் தேங்கும், அதற்கு வாசனையே கிடையாது. எஞ்சினை நிறுத்திய பிறகே மேடை.

கேள்வி: அலுமினிய பிராக்கெட்டில் ஸ்டீல் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கிறது. என்ன செய்வது?

பதில்: உப்புநீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் கரையும். போல்ட்டைக் கழற்றிப் பொடியைச் சுரண்டுங்கள். துளை முட்டை வடிவில் அகன்றிருந்தால் பிராக்கெட்டை மாற்றிவிடுங்கள். நன்றாக இருந்தால் நைலான் புஷ், நைலான் வாஷர் போட்டு, இரண்டும் தொடாதபடி மாட்டுங்கள். ஒவ்வொரு முறை கடலிலிருந்து ஏற்றியதும் அந்த இடத்தில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.