பூச்சிமருந்து நஞ்சும் இரத்த ரிப்போட்டும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கொழும்பில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பூச்சிமருந்து உடலுக்குள் போனவர்களின் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா: மச்சானை வவுனியாவிலிருந்து இங்கே மாற்றியிருக்கிறார்கள். கோலினெஸ்டரேஸ் (நரம்புச் செய்தியை நிறுத்தும் நொதியம்) நன்றாகக் குறைந்துவிட்டதாம். தப்புவாரா தம்பி?

அந்த இலக்கத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது அக்கா. என்ன பூச்சிமருந்து என்பதுதான் முதல் கேள்வி. ஓர்கனோபொஸ்பேட் வகை மருந்துகள் இந்த நொதியத்தை முடக்கும், ஆனால் எல்லாம் ஒரே அளவில் முடக்காது. வடமத்திய மாகாண ஆஸ்பத்திரிகளில் செய்து 2008இல் வெளியான ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது இதுதான்: எந்த மருந்து என்று தெரிந்தால்தான் இந்த இலக்கத்தை வைத்து ஆபத்தைக் கணிக்கலாம். போத்தல் மாறினால் அதே இலக்கத்தின் அர்த்தமும் மாறும்.

அதனால்தான் வாட்டில் டொக்டர்மார் ரிப்போட்டைவிட ஆளைப் பார்க்கிறார்கள். நெஞ்சில் சளிச் சத்தம் இருக்கிறதா, நாடித் துடிப்பு எப்படி, அக்குள் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அற்றோபின் என்ற மாற்றுமருந்தை ஏற்றுகிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் நாலு நாட்களுக்குள், நன்றாகக் கதைத்துக்கொண்டிருப்பவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போனால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கழுத்துக்குப் பிறகு மூச்சுத் தசைகளும் தளரலாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி: இரண்டு இடத்தில் பார்த்தோம். ரிப்போட் ஒத்துப்போகவில்லையே அண்ணா?

இரத்தத்தோடு பூச்சிமருந்தும் குழாய்க்குள் வந்துவிடுகிறது தம்பி. அங்கேயும் அது நொதியத்தை முடக்கிக்கொண்டே இருக்கும். அதனால் எடுத்தவுடன் குளிரில் வைக்க வேண்டும். மேசையில் அரை மணி நேரம் கிடந்த குழாய் வேறு கதை சொல்லும். காபமேற் என்ற இன்னொரு பூச்சிமருந்து வகையில் நேர்மாறு: குழாய்க்குள்ளேயே நொதியம் மீண்டு, ரிப்போட் நல்லதுபோல் தெரியும். முறையும் அலகும் இடத்துக்கு இடம் வேறு. குருதித் திரவத்தில் உள்ள இந்த நொதியம் ஈரல் நோயிலும் கர்ப்பத்திலும் இயல்பாகவே குறைந்திருக்கும்.

தெஹிவளையிலிருந்து ஒரு மாணவி: பரகுவாட் என்ற களைகொல்லியில் இரத்த அளவை நம்பலாமா?

இங்கே குடித்த நேரம் தெரிந்தால் நம்பலாம். 1979இல் வந்த கோட்டுப்படம் இன்னும் பயன்படுகிறது. கோடு, குடித்து 4 மணி நேரத்தில் லீற்றருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரத்தில் 0.1 என்று இறங்கும். கோட்டுக்கு மேலே போனால் ஆபத்து அதிகம். அந்த வசதி இல்லாத இடத்தில் சிறுநீரில் டைதயோனைட் என்ற இரசாயனத்தைச் சேர்ப்பார்கள். நீலமாக மாறினால் மருந்து இருக்கிறது. நீலம் கருக்கும்போது பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கே நெஞ்சு கனக்கும். இலங்கையில் பரகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்தது பல உயிர்களைக் காத்திருக்கிறது.

மட்டக்குளியிலிருந்து ஒரு அம்மா: இலக்கம் ஏறவில்லை, ஆனால் வீட்டுக்கு விடுகிறார்களே?

பயப்படாதீர்கள் அம்மா. செங்குருதிக் கலத்து நொதியம் நாளுக்குச் சுமார் 1 வீதம்தான் ஏறும். அதுவரை வாட்டில் வைத்திருக்கத் தேவையில்லை.

மருதானையிலிருந்து ஒரு ஐயா: ஆஸ்பத்திரிக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

போத்தலை, லேபிளோடு. குடித்த நேரத்தையும் சொல்லுங்கள். பொலிஸ் வருமென்று பயந்து போத்தலை ஒளித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன் ஐயா. தற்கொலை முயற்சி 1998 முதல் இங்கே குற்றமே இல்லை. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.