மீன் வந்த பாக்கெட் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்

கே: இரண்டடி தொட்டியில் நான்கு கப்பி மீன்கள் ஒரு வருடமாக நன்றாக இருந்தன. போன வாரம் இன்னும் ஆறு கப்பியும் இரண்டு மோலியும் வாங்கினோம். அவை வருமுன் தொட்டியைச் சுத்தமாகத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சையும் குழாயில் அலசினோம். மூன்றே நாளில் தண்ணீர் பால் போல வெளுத்து ஐந்து மீன் செத்துவிட்டது. இவ்வளவு சுத்தமாக வைத்தும் ஏன்?
(வாசகி, மதுரை)

ப: அந்தச் சுத்தம்தான் காரணம். மீனின் செவுளும் கழிவும் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை. பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்கிறது. குளோரின் கலந்த குழாய் நீரில் பஞ்சை அலசியதில் அதில் பெரும்பகுதி போயிருக்கும். மிச்சமிருந்ததும் நான்கு மீனுக்கு ஏற்ற அளவுதான். அதன் தலையில் ஒரே நாளில் பன்னிரண்டு மீனின் கழிவு விழுந்திருக்கிறது.

தண்ணீர் காரத்தன்மையோடு, அதாவது அமில-கார அளவான பிஹெச் 7-க்கு மேல் இருந்தால் ஆபத்து கூடும். அதே அளவு அம்மோனியாவில், மீனைக் கொல்லும் நச்சு வடிவத்தில் இருக்கும் பங்கு, பிஹெச் 7-இல் இருப்பதைவிட 8-இல் சுமார் பத்து மடங்கு. போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது: இரண்டு நாள் தீனி வேண்டாம். ஏர் பம்ப் நிற்காமல் ஓடட்டும். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டும்வரை இதைத் தொடருங்கள். பஞ்சை இனிமேல் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் மட்டும் பிழியுங்கள். அடுத்த முறை இரண்டு மூன்று மீன்களாக, இரண்டு வார இடைவெளியில் விடுங்கள்.

கே: சென்னை கொளத்தூரில் மீன் வாங்கி ரயிலில் திருநெல்வேலி கொண்டுவருகிறேன். பாக்கெட்டைத் திறந்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு மணி நேரம் பழக்கித்தான் விடுகிறேன். அப்படியும் பாதி மீன் மறுநாள் மிதக்கிறது.
(வாசகர், திருநெல்வேலி)

ப: பக்கத்துக் கடையில் வாங்கினால் நீங்கள் செய்வது சரி. இரவு முழுக்கப் பயணம் செய்த மீனுக்கு அந்த ஒரு மணி நேரமே கெடுதல்.

கட்டிய பாக்கெட்டில் மீன் விடும் மூச்சின் கரியமில வாயு கரைந்து பிஹெச் இறங்கும். அம்மோனியா சேர்ந்தாலும், அந்த அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் நச்சில்லாத வடிவத்தில் இருக்கும். பாக்கெட்டைத் திறந்ததும் வாயு வெளியேறுகிறது, பிஹெச் ஏறுகிறது, சேர்ந்திருந்த அம்மோனியா நஞ்சாகிறது. நீங்கள் ஊற்றும் காரத் தண்ணீர் அதை இன்னும் வேகப்படுத்தும். பழக்குகிறோம் என்று நினைத்து மீனை நஞ்சிலேயே நிறுத்திவைக்கிறோம்.

எனவே, கட்டு பிரிக்காமல் 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பநிலையை மட்டும் சமன் செய்யுங்கள். பிரித்ததும் வலையில் வடித்து மீனை உடனே விடுங்கள். பாக்கெட் தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும். கடைத் தொட்டியின் கிருமி நம் வீட்டுக்குள் நுழையும் வழி அதுதான்.

உடனே விட்டால் உப்புத்தன்மை வேறுபாடு தாக்காதா என்று கேட்பீர்கள். தாக்கும். அதற்கான வேலையை மீன் வருமுன்பே செய்ய வேண்டும். கடைத் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) என்ன என்று கேட்டு வாருங்கள். அங்கே 250, உங்கள் போர் தண்ணீர் 900 என்றால், ஒரு தனி டப்பில் ஆர்ஓ தண்ணீரையும் போர் தண்ணீரையும் கலந்து 300-க்குள் கொண்டுவந்து அதில் மீனை விடுங்கள். பிறகு ஒரு வாரத்தில் படிப்படியாக உங்கள் தண்ணீருக்கு ஏற்றலாம். முதல் நாள் விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம்.

கே: புது மீனைத் தனியாக வைக்க இரண்டாவது தொட்டி வாங்கத்தான் வேண்டுமா?
(வாசகர், கோவை)

ப: கண்ணாடித் தொட்டி தேவையில்லை. 20 லிட்டர் தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் டப், மூடி அல்லது வலை, ஒளிய ஒரு பிவிசி குழாய்த் துண்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். அந்த ஸ்பாஞ்சை நான்கு வாரம் முன்பே பெரிய தொட்டியில் ஓடவிட்டால் பாக்டீரியாவோடு தயாராக இருக்கும். வலையும் குழாயும் தனித்தனியாக வேண்டும். ஈர வலையிலேயே நோய் தாவும்.

மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். உடலில் ரவை தூவியது போலத் தெரிந்தால் வெள்ளைப்புள்ளி நோய். தோலுக்கடியில் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது உதிர்ந்து பெருகி, குஞ்சுகள் நீந்தி அடுத்த மீனைத் தேடும்போதுதான் சாகும். ஆகவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள். இன்னும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். கப்பி, மோலிக்கு மருந்தாக லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு, அதாவது 20 லிட்டருக்கு 40 கிராம். கரைத்து மூன்று தவணையாக ஒன்றரை நாளில் ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, வற்றிய அளவுக்கு வெறும் தண்ணீர், எடுத்துக் கொட்டிய 5 லிட்டருக்கு மட்டும் 10 கிராம் உப்பு. கோரிடோரஸ், லோச் வகை மீன்களுக்கு இந்த அளவு அதிகம், பாதியில் தொடங்குங்கள். மெத்திலீன் நீலம் என்ற மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்ற வேண்டாம். ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும்.

கே: ஏஞ்சல் மீனோடு செர்ரி இறால் விடலாமா?
(வாசகி, சேலம்)

ப: ஏஞ்சலுக்கு அது தீனி. கப்பியோடு விட்டால் பெரிய இறால் பிழைக்கும், குஞ்சுகள் பாசிப்புதர் இருந்தால் கொஞ்சம் தப்பும். தொட்டிக்கு இரண்டு மாத வயதாவது ஆகி, கல்லில் மெல்லிய பாசிப்படலம் படிந்திருக்க வேண்டும். தாமிரம் கலந்த மீன் மருந்து எப்போதாவது ஊற்றிய தொட்டி என்றால் வேண்டாம். உள்ளூரில் வாங்கிய இறாலை மட்டும், ஏர் குழாயில் முடிச்சுப் போட்டு நொடிக்கு இரண்டு சொட்டாக, இரண்டு மணி நேரம் பழக்கி விடுங்கள்.

கே: கண்ணாடிப் பாசியைத் தின்ன சக்கர் மீன் ஒன்று சேர்க்கச் சொல்கிறார் கடைக்காரர்.
(வாசகர், சென்னை)

ப: வேண்டாம். இரண்டு அங்குலத்தில் விற்கும் அந்த மீன் ஓரடிக்கு மேல் வளரும், தின்பதைவிட அதிகம் கழியும். இரண்டடித் தொட்டிப் பாசிக்கு நெரைட் நத்தை இரண்டு போதும். நன்னீரில் அதன் முட்டை பொரிக்காது. ஏற்கெனவே சக்கர் வளர்த்து இடம் போதாதவர்கள் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். நம் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகிவிட்டது. கரையில் வளை தோண்டி முட்டையிடுகிறது, வலையில் சிக்கினால் முள் துடுப்பால் மீனவரின் வலையையும் கிழிக்கிறது.