வாக்கி டாக்கியில் விமானம் பேசுமா?

வாசகர் கேள்வி – பதில்

பைலட்டுகள் பேசிக்கொள்வதைச் சின்ன ரேடியோவிலேயே கேட்கலாம் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. அதே இதழில் வீட்டு மின்கசிவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியதை யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. சரி, விமானத்து ரேடியோக்களைக் கழற்றி மாட்டியே ஓய்வு பெற்றவனிடம் கேட்டிருக்கிறீர்கள். இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, ஏழாவது மாடி வீடு. பால்கனியில் நின்றால் விமானங்கள் இறங்குவது தெரியும். இணையக் கடையில் மலிவாக ஒரு வாக்கி டாக்கி வாங்கினேன். 136-க்குக் கீழே எந்த எண்ணைப் போட்டாலும் ஏற்க மறுக்கிறது. செட் பழுதா? – வாசகர், பாயான் பாரு

பழுதில்லை. வேறு வேலைக்குச் செய்த செட்டை வாங்கியிருக்கிறீர்கள். அந்த மலிவு செட்டுகள் பெரும்பாலும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்எம் முறையில் இயங்குபவை. விமானப் பேச்சு நடப்பது 118 முதல் 137 வரை, அதுவும் ஏஎம் என்ற பழைய முறையில். வாங்கும் முன் பெட்டியில் இந்த இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் காலத்திலும் ஏஎம்மா என்று கேட்பீர்கள். எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான அலை மெலிந்ததை விழுங்கிவிடும். மெலிந்த குரல் வந்த சுவடே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதிக் கீச்சென்று ஒரு சத்தம் வரும். சொன்னது புரியாவிட்டாலும், இன்னொருவர் பேசினார் என்பதாவது தெரியும். அதுவும் எப்போதும் போதாது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். கடைசி நேரத்தில் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரும் அவற்றில் ஒன்றான பான் ஆம் விமானமும் ஒன்றாகப் பேச, மற்றதான கேஎல்எம் விமானத்தின் விமானிகள் காதில் விழுந்தது ஒரு கீச்சொலி. 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்ற பான் ஆமின் தகவல் அதற்குள் புதைந்துபோனது. உங்கள் செட்டிலும் அந்தக் கீச்சொலி அடிக்கடி வரும். செட் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

இன்னொன்று. உங்களுக்குக் கேட்கும் செட் போதும், பேசும் செட் தேவையில்லை. அனுமதியில்லாமல் விமான அலைவரிசையில் பொத்தானை அழுத்திப் பேசுவது மலேசியாவின் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம். அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருப்பவருக்கும் இந்த அலைவரிசையில் பேச இடமில்லை. பிறர் பேச்சை இடைமறித்துக் கேட்பது, கேட்டதை வெளியிடுவது பற்றியும் அதே சட்டத்தின் 234ஆம் பிரிவு பேசுகிறது. அதனால் காசு கொடுக்கும் முன் எம்சிஎம்சி என்ற தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். செட்டில் சிரிம் தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்டதைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடும் ஆசை வேண்டவே வேண்டாம்.

செலவழிக்கக் கொஞ்சம் வெள்ளி மீதி இருந்தால் ஆண்டெனாவில் போடுங்கள். செட்டோடு வரும் குட்டை ரப்பர் ஆண்டெனா சட்டைப் பைக்கு வசதி, காதுக்கு இல்லை. 125 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 60 சென்டிமீட்டர். இழுத்து நீட்டும் ஆண்டெனாவை அந்த அளவுக்கு நீட்டி, பால்கனிக் கம்பியை விட்டுத் தள்ளி நிமிர்த்தி வையுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

கேள்வி: ஸ்கேன் போட்டால் ஒரே சேனலில் போய் நின்றுகொள்கிறது. யாரோ ஒருவர் ஓயாமல் வாசிக்கிறார். மற்ற சேனல்களில் பைலட் பேசுவது கேட்கிறது, டவர் பதில் சொல்வது கேட்பதில்லை. போர் விமானங்கள் தலைக்கு மேல் பறந்தாலும் ஒரு சத்தமும் இல்லை. – வாசகர், பாயா தெருபோங்

ஓயாமல் வாசிப்பது ஏடிஸ். காற்று, மேகம், எந்த ஓடுபாதை என்ற விவரங்களை இடைவிடாமல் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒலிபரப்பு. அலை எங்கே இருக்கிறதோ அங்கே நிற்பதுதான் ஸ்கேனரின் வேலை. ஓயாத அலையில் அது மாட்டிக்கொள்ளத்தான் செய்யும். அந்த ஒரு சேனலை மட்டும் ஸ்கேன் தாண்டிப் போகும்படி 'ஸ்கிப்' செய்துவிடுங்கள். ஆனால் அழித்துவிட வேண்டாம். உட்கார்ந்ததும் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். பினாங்கில் இருக்கும் ஒரே ஓடுபாதைக்கு இரண்டு முனை, இரண்டு பெயர். 'ஸீரோ ஃபோர்' என்றால் தெற்குக் கடல் பக்கமிருந்து வந்து இறங்குவார்கள். 'டூ டூ' என்றால் பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடையிலான கடல் பக்கமிருந்து வருவார்கள். நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்பதை ஏடிஸே சொல்லிவிடும்.

முதல் ஒரு வாரம் ஸ்கேனே வேண்டாம் என்பேன். டவர் சேனலில் நிறுத்திக் கேளுங்கள். ஒரு விமானம் அழைப்பது, அனுமதி வாங்குவது, அதைத் திருப்பிச் சொல்வது, இறங்கி வெளியேறுவது என்று கதை ஓட்டம் பிடிபடும். அதற்கப்புறம் ஸ்கேன் போட்டால், ஒரே விமானம் சேனல் மாறி மாறிப் போவதை நீங்களே துரத்திப் பிடிப்பீர்கள். நாலே நாலு சேனல் போதும். நாற்பது போட்டால் ஒவ்வொன்றிலும் பாதி வாக்கியம்தான் கிடைக்கும். பேச்சு நின்றதும் செட் அடுத்ததற்குத் தாவாமல் இரண்டு மூன்று விநாடி காத்திருக்கும்படி வைத்தால் பதிலும் காதில் விழும்.

டவர் கேட்காததற்குக் காரணம் உங்கள் ஊர். இந்த அலைகள் நேர்கோட்டில் போகும், மலையைத் துளைக்காது. உங்களுக்கும் விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸுக்கும் நடுவே குன்றுகள் இருக்கின்றன. தரையில் நிற்கும் டவர் மறைந்துவிடும், உயரத்தில் பறப்பவர் மறைய மாட்டார். விமானத்தின் உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23 ஆல் பெருக்கினால், மலை மறைக்காத வரை எத்தனை கடல் மைல் வரை கேட்கும் என்று வரும். 35,000 அடி என்றால் 230. அதாவது சுமத்ராவின் மேடானுக்கு மேலே பறப்பவர் பேசுவதுகூடப் பாயா தெருபோங்கில் கேட்கலாம், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாயான் லெப்பாஸ் டவர் கேட்காது! கொடிமலைக்கு ரயிலேறிப் போகும் நாளில் செட்டையும் எடுத்துப் போய்ப் பாருங்கள்.

பட்டர்வொர்த் தளத்து ஹார்னெட் போர் விமானங்களை மறந்துவிடுங்கள். இராணுவ விமானங்கள் பெரும்பாலும் 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் பேசும். சாதாரண விமான ரேடியோ அந்தப் பக்கமே போகாது.

கேள்வி: அங்கிள், சுபாங்கில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். அப்பா விஓஆர், அதாவது தரை நிலையத்தின் அலையைப் பிடித்துத் திசை காட்டும் வசதியுள்ள கையடக்க செட் ஒன்று வாங்கித் தந்தார். பறக்கும்போது போட்டுப் பார்த்தேன். முள் சில நேரம் வருகிறது, சில நேரம் காணாமல் போகிறது. இதை நம்பி வழி பிடிக்க முடியுமா? – மாணவர், ஷா ஆலாம்

தம்பி, நம்பலாம், ஆனால் அதன் குணம் தெரிந்து நம்ப வேண்டும்.

தரையிலிருக்கும் விஓஆர் நிலையம் 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸுக்குள் 30 ஹெர்ட்ஸ் சமிக்ஞை இரண்டைச் சேர்த்து அனுப்புகிறது. ஒன்று எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும். மற்றதன் கட்டம், அதாவது அலை ஏறி இறங்கும் நேரம், திசைக்குத் திசை மாறும். காந்த வடக்கில் இரண்டும் ஒத்துப்போகும், கிழக்கில் 90 பாகை வித்தியாசம். அந்த வித்தியாசத்தை அளந்து, நிலையத்திலிருந்து பார்த்தால் நீங்கள் எந்தத் திசையில் இருக்கிறீர்கள் என்று செட் சொல்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதோ, நிலையம் எத்தனை மைல் என்பதோ அதற்குத் தெரியாது. தூரம் சொல்வது டிஎம்இ என்ற வேறு கருவி. அது உங்கள் கையில் இல்லை. ஆகவே ஒரு நிலையம் உங்களுக்கு ஒரு கோடுதான் தரும். இரண்டாவது நிலையத்தைப் போட்டு இன்னொரு கோடு எடுத்தால், இரண்டும் வெட்டும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். வரைபடத்தில் இதைக் கோடு போட்டே பழகுங்கள். நம் தீபகற்பத்தில் காந்த வடக்கும் மெய்வடக்கும் ஒரு பாகைக்குள் அடங்கிவிடுவதால் கணக்கும் சுலபம்.

முள் காணாமல் போவதற்கு வருவோம். பேச்சு அலை நிமிர்ந்து வருகிறது, விஓஆர் அலை படுத்து வருகிறது. விமானத்தின் வாலில் விஓஆர் ஆண்டெனாவைக் கிடையாக, மீசை போல, வைத்திருப்பது அதனால்தான். கையில் இருக்கும் செட்டை நீங்கள் நிமிர்த்திப் பிடிக்கிறீர்கள், வர வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. செட்டைச் சாய்த்து, ஆண்டெனாவைக் கிடையாக்கி, ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கள். நிலையம் வலப்புறம் இருக்கும்போது இடது ஜன்னலில் பிடித்தால் உங்கள் உடம்பும் உலோகக் கூடும் குறுக்கே நிற்கும். இத்தனை பார்த்தும் வராவிட்டால் உயரம் போதவில்லை என்று அர்த்தம். நிலையத்துக்கு நேர் மேலே போகும்போதும் முள் தடுமாறும். அது எல்லாச் செட்டிலும் உள்ளது.

முள் வந்ததும் உடனே திரும்பிவிடக் கூடாது. முதலில் நிலையத்தின் மோர்ஸ் அடையாளத்தைக் காதால் கேட்டு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். முள் நடுவில் நிற்பதால் மட்டும் அது நீங்கள் நினைத்த நிலையம் ஆகிவிடாது. அப்புறம் செட் காட்டுவது 'டூ'வா (நிலையத்தை நோக்கி) 'ஃப்ரம்'மா (நிலையத்திலிருந்து விலகி) என்று பாருங்கள். நீங்கள் நிலையத்துக்குத் தெற்கே இருக்கும்போது செட்டில் திசையை 180 பாகை என்று வைத்தால் முள் நடுவுக்கு வரும், 'ஃப்ரம்' காட்டும். 360 வைத்தாலும் நடுவுக்கு வரும், 'டூ' காட்டும். நிலையத்தை நோக்கிப் போக வேண்டுமானால் 'டூ' காட்டும் எண்ணை வைத்து அதே திசையில் பறக்க வேண்டும். 180-ஐ வைத்துக்கொண்டு வடக்கே பறந்தால் முள் தலைகீழாகப் பேசும். இடப்பக்கம் போ என்று அது காட்டும்போது நீங்கள் போக வேண்டியது வலப்பக்கம். பதற்றத்தில் இருப்பவரை மேலும் சுற்றவிட இது ஒன்று போதும்.

துல்லியத்துக்கு ஒரு கணக்கு: நிலையத்திலிருந்து 60 கடல் மைலில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய ஒரு கடல் மைல். கையில் இருக்கும் செட் நான்கு பாகை ஆடுகிறது என்றால், 30 மைலில் இரண்டு மைல் ஆட்டம். சுபாங் இருக்கும் பக்கம் போய்ச் சேர இது தாராளம். மேகத்துக்குள் இறங்க இதை நம்புவது மடத்தனம்.

உண்மையில் இந்தச் செட்டின் முதல் பயன் முள்ளே கிடையாது. இஞ்சினை முடுக்கும் முன் விமானத்து பேட்டரியைத் தின்னாமல் ஏடிஸ் கேட்டுக்கொள்ளலாம். விமானத்து ரேடியோ வாய் மூடிக்கொண்டால் மாற்றுக் குரலாகவும் இருக்கும். அப்படி மூடிக்கொண்டால் முதலில் ஒலியளவு, ஹெட்செட் செருகி, போட்ட எண், சர்க்யூட் பிரேக்கர் எல்லாவற்றையும் பாருங்கள். நான் பணிமனையில் இருந்தபோது 'ரேடியோ செத்துவிட்டது' என்று வந்த புகார்களில் பல, பாதி வெளியே வந்திருந்த செருகிகள்தான். அதிலும் சரியாகவில்லை என்றால், ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 'ரேடியோ பழுது' என்பதற்கான 7600 எண். பிறகு கையடக்க செட். அதுவும் எடுபடாவிட்டால் டவரிலிருந்து வரும் விளக்கு. நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் இஞ்சின் இரைச்சலில் அந்தச் சின்ன ஸ்பீக்கர் உங்கள் காதுக்கு எட்டாது. ஹெட்செட்டை இணைக்கும் அடாப்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். அப்பாவிடம் அடுத்த பிறந்தநாளுக்கு அதைக் கேளுங்கள். அடுத்த பிறந்தநாள் வரை காத்திருக்காமல் கேட்டாலும் தப்பில்லை. அடாப்டர் வந்ததும் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது, அவரிடம் சொல்லிவிட்டு, ஒருமுறை முழுப் பயணத்தையும் கையடக்க செட்டில் பேசி முடித்துப் பாருங்கள். எந்தப் பொத்தான் எங்கே என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அடுத்த மாதம் சென்னைக்குப் போகிறோம். என் கொழுந்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து பைலட் பேசுவதைக் கேட்கப் போகிறேன் என்று ரேடியோவைப் பையில் வைத்திருக்கிறார். 'கேட்கிறதுதானே அண்ணி, பேசவா போகிறேன்' என்கிறார். – வாசகி, பட்டர்வொர்த்

கேட்கும் ரேடியோவும் கொஞ்சம் பேசும் என்று சொல்லுங்கள், அம்மா. ரேடியோ ஓர் அலையைப் பிடிக்கத் தனக்குள் இன்னொரு அலையை உண்டாக்குகிறது. சாதாரண எஃப்எம் ரேடியோவில் 100 மெகாஹெர்ட்ஸில் பாட்டுக் கேட்டால், உள்ளே 110.7 மெகாஹெர்ட்ஸில் ஒரு சின்ன அலை பிறக்கும். 108 முதல் 112 வரையிலான பகுதியில்தான் விமானத்தை ஓடுபாதையின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவரும் சமிக்ஞையும் வருகிறது. கசிவு மிகச் சிறியதுதான். இருந்தாலும் இருக்கைக்கு இருக்கை ரேடியோவை அனுமதிக்க முடியாது. வாக்கி டாக்கி என்றால் கை தவறிப் பொத்தான் அழுந்தும் ஆபத்து வேறு. வழி தெரிய வேண்டுமென்றால் கைப்பேசியை ஏர்பிளேன் மோடில் போட்டு, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து, ஜன்னலோரம் பிடிக்கச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் அலையை வாங்குவது மட்டும்தான், அனுப்புவதில்லை, அதுவும் பணியாளர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

கேள்வி: 121.5 அவசர அலைவரிசை என்கிறார்களே, அதில் செட்டைச் சோதித்துப் பார்க்கலாமா? – வாசகர், நிபோங் தெபால்

கூடாது. அதை எப்போதும் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பறக்கும் விமானங்களும் சேர்த்து. விபத்துச் சமிக்ஞைகளைப் பிடிக்கும் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கவனிப்பதை 2009 பிப்ரவரி 1 அன்று நிறுத்திவிட்டன. இப்போது அவை கேட்பது 406 மெகாஹெர்ட்ஸை. ஆனாலும் விழுந்த விமானத்தைத் தேடிப் போகும் குழு, கடைசிக் கட்டத்தில் பின்தொடர்வது இன்னும் 121.5-ஐத்தான்.

கேள்வி: ரேடியோவையும் உதிரி பேட்டரியையும் சரக்குப் பெட்டியில் போடலாமா? – அதே பட்டர்வொர்த் வாசகி

ரேடியோவைப் போடலாம், முழுதாக அணைத்துவிட்டு, பொத்தான் அழுந்தாதபடி துணியில் சுற்றி. உதிரி லித்தியம் பேட்டரியைப் போடக் கூடாது. அது கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி. கொழுந்தனார் இன்னும் அடம் பிடித்தால், சாதாரண ஏஏ பேட்டரி போடும் தனிக்கூடு சில செட்டுகளுக்குக் கிடைக்கிறது, சென்னையில் இறங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள். இந்தியச் சட்டம் வேறு, அங்கே செட்டைக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று முதலில் விசாரிக்கட்டும். அதுவரை செட் பட்டர்வொர்த் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும்.